ஆர்வி-9ஏ: சுபாருவை எடுத்துவிட்டு லைக்கமிங் ஓ-320 போட என்னென்ன மாற்ற வேண்டும்?

தென்கிழக்குக்காற்று:
அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட் (சொந்தமாகக் கட்டிய விமானம்) பதிவில் உள்ள ஆர்வி-9ஏ, இரண்டு பேர் அமரும் சிறு விமானம். இப்போது இருப்பது சுபாரு ஈஜே25 கார் இன்ஜின், கியர் ரிடக்‌ஷன், எலக்ட்ரிக் மூன்று பிளேடு ப்ரொப்பெல்லர், எஃப்ஐ (எரிபொருளை அழுத்தித் தெளிக்கும் முறை) பம்ப் இரண்டு, பேட்டரி இரண்டு. கியர்பாக்ஸுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை. லைக்கமிங் விமான இன்ஜினில் பழைய ஓ-320 ஒன்று வாங்கிப் போடலாம் என்று எண்ணம். எந்த மாடல் பொருந்தும்? பழைய கவ்லிங் (இன்ஜின் மூடி), ப்ரொப்பெல்லர், எரிபொருள் லைன் இவற்றில் எதையாவது வைத்துக்கொள்ள முடியுமா?

நட்டும்போல்ட்டும்:
மவுண்டிலிருந்து (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) ஆரம்பியுங்கள். 9ஏ-யில் முன்சக்கரக் கால் இன்ஜின் மவுண்டில்தான் செருகியிருக்கிறது. மவுண்டை மாற்றினால் அந்தக் காலும் கூடவே கழன்று வரும். அதற்கும் முன்பே, இன்ஜினை இறக்கிய உடன் எடை பின்னால் போய் வால் தரையில் உட்கார்ந்துவிடும். வாலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு அப்புறம் ஹாய்ஸ்ட்டைத் தொடுங்கள்.

மாடலைப் பொறுத்தவரை டைனஃபோகல் டைப் 1 மவுண்ட் (போல்ட்டுகள் சாய்வாக இருக்கும் வகை) உள்ளதைத் தேடுங்கள். பைப்பர் வாரியரில் வந்த ஓ-320-டி3ஜி (160 குதிரைத்திறன்), ஓ-320-ஈ3டி (150) இரண்டும் அந்த வகை. செஸ்னா 172எம்-இல் வந்த ஈ2டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது கோனிக்கல் மவுண்ட், போல்ட்டுகள் நேராக இருக்கும் வேறு வகை. செஸ்னா 172என்-இல் வந்த ஹெச்2ஏடி பக்கம் போகவே வேண்டாம். இரண்டு மேக்னெட்டோவும் (தீப்பொறி உண்டாக்கும் பாகம்) ஒரே ஷாஃப்டில் ஓடும், லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்) தேயும் பேரும் அதற்கு உண்டு.

பழைய இன்ஜினில் மணிக்கணக்கை விட, எத்தனை வருஷம் சும்மா கிடந்தது என்பதுதான் முக்கியம். லைக்கமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது, தெறிக்கும் எண்ணெயில்தான் நனைகிறது. ஓடாமல் கிடந்தால் துருப் புள்ளி விழும். கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் அது தெரியாது. ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேம் லோப்பைக் கண்ணால் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். ப்ரொப்பெல்லர் தரையில் அடித்த வரலாறு உண்டா, ஏடி (அமெரிக்க விமானத் துறையின் கட்டாய உத்தரவு) 2004-10-14 படி பின்னால் உள்ள கிராங்க் கியர் போல்ட்டைப் பார்த்தார்களா என்று லாக்புக்கில் தேடுங்கள். ஃபிக்ஸட் பிட்ச் (பிளேடு கோணம் மாறாத) ப்ரொப்பெல்லரோடு ஓடிய உள்ளீடற்ற கிராங்க் என்றால் ஏடி 98-02-08 சோதனையும் கேளுங்கள். ஓவர்ஹால் இடைவெளி 2000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முதலில் வருகிறதோ அது.

ஸ்டார்ட்டர் தனியாக வாங்கும்போது ரிங் கியர் பல்லை எண்ணிவிடுங்கள், 122 அல்லது 149. மாற்றி வாங்கினால் பல்லைக் கடித்துத் துப்பிவிடும்.

கவ்லிங் தேறாது. ப்ரொப்பெல்லர் தயாரிப்பாளர் நேரடி டிரைவ் லைக்கமிங்குக்குச் சரி என்று எழுத்தில் தந்தால் ஒழிய அதுவும் வேண்டாம். கியர்பாக்ஸ் வேகத்துக்கு வடிவமைத்த பிளேடு அது. தவிர, நான்கு சிலிண்டர் கிராங்கின் அதிர்வு இனி நேராக ஹப்புக்கு வரும்.

பெட்ரோல்குழாய்:
என் கவலை எரிபொருள் லைன். எஃப்ஐ பம்ப் சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ கொடுக்கும். மிதவை கார்புரேட்டர் கேட்பது 0.5 முதல் 8 பிஎஸ்ஐ. பழைய பம்பை விட்டு வைத்தால் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து, கார்புரேட்டர் நிரம்பி வழிந்து ஏர்பாக்ஸில் பெட்ரோல் தேங்கும். தீ அங்கேதான் பிடிக்கும். இரண்டு பம்பையும் கழற்றி, தாழ்ந்த அழுத்த பூஸ்ட் பம்ப் ஒன்று போடுங்கள். இன்னொரு பம்ப் இன்ஜினிலேயே இருக்கிறது. டேங்குக்குத் திரும்பும் லைனை வெறுமனே மடக்கி விடாமல் இரண்டு முனையிலும் மூடி போட்டு அடையுங்கள். ரிட்டர்னோடு கூடிய டூப்ளெக்ஸ் செலக்டரையும் (டேங்க் மாற்றும் வால்வு) சாதாரண செலக்டராக மாற்றிவிடுவது நல்லது.

பிறகு ஃப்ளோ டெஸ்ட். 160 குதிரைத்திறனுக்கு முழு திராட்டிலில் மணிக்கு 55 லிட்டர் என்று வையுங்கள். பம்ப் வைத்த அமைப்புக்கு அதில் 125 சதவீதம் வேண்டும், ஏறக்குறைய 70 லிட்டர். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் கொஞ்சமே வைத்து, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி பூஸ்ட் பம்பை மட்டும் ஓட விடுங்கள். 10 லிட்டர் கேன் எட்டரை நிமிஷத்துக்குள் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக.

சுபாருவில் இல்லாத இரண்டு கேபிள் புதிதாக வரும்: மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்று விகிதம்), கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் இருக்கச் சூடான காற்று). பேனலில் இடம் பார்த்து வையுங்கள். மிக்ஸ்சரை இழுத்து அணைக்கும்போது ஆர்பிஎம் 25 முதல் 50 வரை ஏறி அப்புறம் விழ வேண்டும். ஏறாவிட்டால் ஐடில் மிக்ஸ்சர் மெலிவு.

தென்கிழக்குக்காற்று:
நன்றி சார். இசியு (இன்ஜின் கணினி), இரண்டாவது பேட்டரி எல்லாம் போய்விடுமா? ரேடியேட்டர் டக்ட்டை ஆயில் கூலருக்குப் பயன்படுத்தலாமா?

நட்டும்போல்ட்டும்:
இசியு போகலாம், இரண்டாவது பேட்டரியும் போகலாம். மேக்னெட்டோவுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அதை அணைப்பது என்றால் பி-லீடை (மேக்னெட்டோவிலிருந்து சாவிக்கு வரும் வயர்) எர்த் செய்வது. வயர் அறுந்தால் சாவி ஆஃபில் இருந்தாலும் இன்ஜின் உயிரோடுதான் இருக்கும், கையால் ப்ரொப்பெல்லரைத் திருப்பினால் பற்றிக்கொள்ளும். ஷீல்டு வயர் போட்டு, இரண்டு முனையிலும் இழுத்துப் பாருங்கள். தீப்பொறி டைமிங் 25 டிகிரி, டேட்டா பிளேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

டக்ட்டை விட்டுவிடுங்கள். லைக்கமிங் காற்றால் குளிரும் இன்ஜின். இங்கே சிலிண்டரின் மேல்பக்கத்திலிருந்து கீழ்பக்கத்துக்குக் காற்று அழுத்தி இறங்க வேண்டும், வேலை எல்லாம் பேஃபிளில்தான் (காற்றைத் திருப்பும் தகடுகள்). சிலிகான் ரப்பர் ஓரம் எல்லா இடத்திலும் முன்பக்கம் மடங்கிக் கவ்லிங்கைத் தொட வேண்டும். பின்பக்கம் மடங்கிய ஒரு சின்ன இடைவெளி போதும், சிலிண்டர் சூடாகிவிடும். உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ், ஆனால் 204-க்கு மேல் தொடர்ந்து ஓட விடாதீர்கள். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) கூலன்ட் குழாய் வந்த ஓட்டைகளை ஸ்டெயின்லெஸ் தகட்டாலும் தீ தாங்கும் சீலண்டாலும் அடையுங்கள். அலுமினியத் தகடு உதவாது.

லாக்புக்காரன்:
காகித வேலை. இது மேஜர் சேஞ்ச். உங்கள் ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸ் தாளை முதலில் படியுங்கள். பொதுவாக எஃப்எஸ்டிஓ என்ற விமானத் துறை வட்டார அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஃபேஸ் 1 என்ற சோதனைப் பறப்புக் கட்டத்துக்குத் திரும்பி, குறைந்தது 5 மணி நேரம் பறந்து லாக்புக்கில் எழுத வேண்டும். அதுவரை பயணி கிடையாது. எடையைக் கழித்துக் கூட்டி எழுதாதீர்கள். எண்ணெய் நிரப்பி, விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரத்தையும் தராசில் ஏற்றுங்கள். சுபாருவோடு வால்பக்கம் ஏதாவது எடை வைத்திருந்தால் அது இன்னும் அங்கேயே இருக்கும்.

பெட்ரோல்குழாய்:
ஒன்று விட்டுப்போயிற்று. இதுவரை கேபின் சூடு கூலன்ட்டிலிருந்து வந்தது. இனி எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றிய மஃப் என்ற உறையிலிருந்து வரும். பைப்பில் வெடிப்பு விட்டால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும், வாசனையும் இருக்காது. அலாரம் அடிக்கும் சிஓ டிடெக்டர் ஒன்றை முதல் பறப்புக்கு முன்பே பேனலில் மாட்டுங்கள். அட்டையில் நிறம் மாறும் வகை வேண்டாம், பறக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை.