பழைய எம்எக்ஸ்-5: ஆயிலும் ஒழுகுது, கூலன்ட்டும் குறையுது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணுமா?

கூரையில்லாதவன்:

வணக்கம். வண்டி 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின், ஓட்டம் 1,74,000 கி.மீ. என் கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆயில் மாற்றுவேன், பிரேக் பேட் மாற்றுவேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை.

முதல் தொல்லை ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில், எப்போது குனிந்து பார்த்தாலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி அட்டை விரித்து நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

அடுத்தது கூலன்ட். பக்கத்து பாட்டிலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றுகிறேன். தரையில் பச்சையாக ஒரு துளிகூட இல்லை. ஆனால் ஹீட்டர் போட்டால் இனிப்பாக ஒரு வாடை வருகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெளுப்பாகக் கொஞ்சம் பசை வேறு.

பட்டறையில் காட்டினேன். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒரு நிமிஷம்தான் பார்த்தார்கள். "கிராங்க்கின் பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும். கூலன்ட்டுக்கு ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும், அதையும் பிரிச்சிடலாம்" என்றார்கள். (பின் சீல் என்பது கிராங்க் தண்டு எஞ்சினின் பின்னால் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஹெட் கேஸ்கெட் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு.) இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. இவ்வளவும் செய்துதான் ஆக வேண்டுமா? வீட்டிலேயே நான் பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

வேகத்தடை:

ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்து ஒரு டப்பா, எஞ்சின் ஆயிலில் கலக்கும் சீல் மருந்து ஒரு டப்பா. ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். என் வண்டியில் எட்டு மாசமாக நிற்கிறது.

நாலாம்சிலிண்டர்:

மேலே சொன்ன மருந்தை ஊற்றிவிடாதே தம்பி. ரேடியேட்டர் மருந்துக்கு ஓட்டை எது, வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். ஆயில் மருந்து பழைய ரப்பரை ஊத வைக்கும், அவ்வளவுதான். கசிவு எங்கே என்று தெரிவதற்கு முன்னால் அதை மூடப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

சரி, உன் வண்டிக்கு வருவோம். என்னிடம் இருப்பது 1990 மாடல், அதே 1.6. பதினாறு வருஷமாக வைத்திருக்கிறேன். அதே இடம், அதே சொட்டு, எனக்கும் அதே தீர்ப்புதான் சொன்னார்கள். நானும் நம்பி, இரண்டு சனிக்கிழமை வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கியர்பாக்ஸை இறக்கினேன். பின் சீல் மாற்றினேன். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச்சும் மாற்றினேன். எல்லாம் பூட்டி ஒரு வாரம் ஓட்டினால், அதே இடத்தில் அதே சொட்டு! கழற்றிய பழைய சீலை எடுத்துப் பார்த்தேன். அதன் உதடு இன்னும் மெத்தென்றே இருந்தது. பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

குற்றவாளி மேலே உட்கார்ந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று உருளையாக ஒன்று ஹெட்டுக்குள் செருகியிருக்கும். கேம்ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அதன் கழுத்தில் ஒரே ஒரு ஓ-ரிங். 1989-ல் வெளிவந்த மாடல் இது. வண்டியோடு வந்த ஓ-ரிங் என்றால் அதற்கும் முப்பது வயசு தாண்டிவிட்டது. அத்தனை வருஷம் சூட்டில் வெந்தால் எந்த ரப்பரும் கல்லாகிவிடும், அதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து கசியும் ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி பெல் ஹவுசிங்கில் சேர்ந்து, அடியில் சொட்டும். கீழே இருந்து டார்ச் அடிப்பவருக்கு அது பின் சீல் போலத்தான் தெரியும்.

சென்சாருக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார். அந்த இடுக்கில் கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்லும். விரல் ஆயிலோடு வந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்காதே. முதலில் எஞ்சின் பின்பக்கத்தை டிகிரீசர் போட்டு நன்றாகக் கழுவிக் காயவிடு. பழைய அழுக்கின் மேல் புதுக் கசிவைத் தேடினால் கிடைக்காது. அப்புறம் எஞ்சின் ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயம் கொஞ்சம் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் ஊதா டார்ச் அடி. மஞ்சளாக ஒளிரும் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார். கசிவு அங்கேதான், அல்லது அதற்குச் சற்று மேலே. சொட்டுகிற இடத்தை நம்பாதே.

வால்வ் கவரின் பின் மூலைகளையும் அப்போதே பார். கேம் மூடிகள் ஹெட்டோடு சேரும் அந்த ஓரங்களில் கேஸ்கெட் மட்டும் போதாது, சீலன்ட் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அதை மறந்து பூட்டியவர்கள் நிறைய. அந்தக் கவர் போல்ட்டுகளுக்கு 5-லிருந்து 9 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்கம். கசிகிறதே என்று பலத்தைக் காட்டினால் ஹெட்டில் மரை போய்விடும், கசிவும் நிற்காது.

கீழே சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்தும் பார். கந்தக நாற்றம் அடித்தால் அது எஞ்சின் ஆயிலே இல்லை, கியர் ஆயில். அப்போது கதை வேறு. கியர்பாக்ஸின் முன் சீலாக இருக்கலாம், அதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, பலர் பார்க்காமல் விடுவது. வால்வ் கவரில் செருகியிருக்கும் பிசிவி வால்வை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் வால்வைப் பிடுங்கிக் காதருகே ஆட்டு. கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கிராங்க் கேஸுக்குள் சேரும் காற்று போக வழியில்லாமல் எந்த சீல் இளைத்ததோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதைச் சரி செய்யாமல் நீ எத்தனை சீல் மாற்றினாலும் அடுத்த சீல் அழும்.

சென்சாரைக் கழற்றுவது சுலபம், கை போவதுதான் கஷ்டம். பின்னாலிருக்கும் காயில் பேக்கைக் கழற்றி ஒதுக்கினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். கழற்றுவதற்கு முன்னால் சென்சாரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடு. அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங்கை வைப்பார்கள். கோடு தப்பினால் டைமிங் தப்பும். 12 எம்.எம். போல்ட். உள்ளேயிருக்கும் நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் மாற்றிச் செருக முடியாது, அந்தப் பயம் வேண்டாம். புது ஓ-ரிங்குக்கு ஆயில் தடவிச் செருகி, கோட்டுக்குக் கோடு வைத்துப் பூட்டு. கடைசியில் டயக்னஸ்டிக் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட் அடித்து 10 டிகிரி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

கூலன்ட் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதே சென்சாருக்குக் கீழேதான் ஹீட்டர் ஹோஸ்கள் ஃபயர்வாலுக்குள் போகின்றன. வருஷக்கணக்காக அவற்றின் தலையில் ஆயில் சொட்டினால் ரப்பர் ஊறிப்போகும். அழுத்திப் பார். இதற்கு மேல் கூலன்ட் பற்றி நீராவி சொல்லட்டும், அவர் என்னைவிடப் பொறுமைசாலி.

நீராவி:

கூப்பிட்டதால் வந்தேன்.

மூடியில் இருக்கும் வெளுத்த பசையைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்ட வேண்டாம். தினமும் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாக நேரமில்லாமல் மூடியில் வந்து படியும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். மனசு கேட்காவிட்டால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனைக் குழாய் கிடைக்கும். உள்ளே இருக்கும் நீல திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. நீலமாகவே இருந்தால் பெரும்பாலும் கேஸ்கெட் தப்பித்தது.

தரையில் ஈரமில்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகாது. பின்னால் மெதுவாகக் கசிந்தால் எஞ்சின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வெளிக்காற்று உள்ளே போகும் வாய் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது, அதனால் வாடை நேராக உங்கள் மூக்குக்கு வரும். ஹீட்டர் கோரே ஒழுகினால் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனி படரும், கால் விரிப்பும் நனையும். அது இல்லையென்றால் ஹோஸ்தான் என் முதல் சந்தேகம்.

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடிக்குப் பதில் பிரஷர் பம்பை மாட்டி, மூடியில் அச்சடித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டி என்ன நிறம் என்று சொல்லுங்கள். கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டால் அதற்கு நாள் எண்ண வேண்டியதுதான். விளிம்பில் வெடித்து, ஓடும்போதே மொத்தத்தையும் கொட்டிவிடும்.

அதுவரை பாட்டிலை நிரப்பி வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். அதன் சென்சார் கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் எஞ்சின் வேகும்போது முள் சாதுவாகக் கீழே நிற்கும். இந்த எஞ்சின் முதலில் குறுக்காக வைக்கும் முன்சக்கர வண்டிக்காகச் செய்தது. இதில் நீளவாக்கில் திருப்பி வைத்து, தண்ணீர் வெளியேறும் வாயையும் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்கோடி சிலிண்டர் எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு. நம் நாலாம்சிலிண்டருக்குப் பெயர் வந்த கதை அதுதான்.

கூரையில்லாதவன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதலில் நல்ல செய்தி: கியர்பாக்ஸ் அதே இடத்தில் இருக்கிறது.

அண்ணா சொன்னபடி கழுவி, சாயம் ஊற்றி, 40 கி.மீ. ஓட்டிவிட்டு ஷெட் விளக்கை அணைத்தேன். ஊதா வெளிச்சத்தில் சென்சாரின் கழுத்திலிருந்து ஒரு மஞ்சள் கோடு. அது நேராகக் கீழே இறங்கி, ஹீட்டர் ஹோஸின் மேல் பாய்ந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து பெல் ஹவுசிங்குக்குப் போனது. வால்வ் கவர் மூலை காய்ந்திருந்தது. பிசிவி வால்வ் கடகடத்தது. முகர்ந்தும் பார்த்தேன், கந்தகம் இல்லை.

பழைய ஓ-ரிங் வட்டமாகவே இல்லை. வெளிப்பக்கம் தேய்த்து வைத்ததுபோல் தட்டையாக இருந்தது. ஊசியால் நெம்பினேன், பட்டென்று இரண்டாக உடைந்தது. ரப்பர் உடையும் என்று எனக்குத் தெரியாது. அந்த 12 எம்.எம். போல்ட் கைதவறி பெல் ஹவுசிங் மேல் விழுந்து எங்கோ ஒளிந்துகொண்டது. காந்தக் குச்சியோடு நாற்பது நிமிஷம் தேடினேன். சென்சாரைக் கழற்றிப் பூட்ட மொத்தமே அரை மணி நேரம்தான்.

ஹீட்டர் ஹோஸ்தான் என்னை அதிர வைத்தது. ஆயில் விழுந்த இடத்தில் வயிறு உப்பியிருந்தது. விரலை வைத்தால் அப்படியே அமுங்கி, பள்ளம் திரும்பவே நேரமாகிறது. பிரஷர் ஏற்றிய நாலாவது நிமிஷம் கிளாம்ப்பின் ஓரத்தில் ஒரு முடி அளவு கீறலிலிருந்து பச்சையாக வேர்த்தது. ஆக இரண்டு கசிவுக்கும் காரணம் ஒரே ஓ-ரிங்தான்! முறுக்கி இழுத்தால் ஹீட்டர் கோரின் குழாய் வளைந்துவிடுமோ என்று பயந்து, ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தேன். இரண்டு ஹோஸும் புதுசு, கிளாம்ப்பும் புதுசு.

நீராவி சார், தொட்டி பழுப்புதான். ரேடியேட்டரையும் மாற்றிவிட்டேன். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி, சுமார் 6 லிட்டர். முன்பக்கத்தைத் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் குபுகுபுவென்று காற்று வந்தது. நீலத் திரவம் நீலமாகவே இருந்தது.

இப்போது 600 கி.மீ. ஆகிவிட்டது. கூலன்ட் குறையவில்லை, பின்பக்க அட்டை சுத்தம். ஆனால் பாருங்கள், அட்டையின் முன்கோடியில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. கிராங்க் புல்லிக்கு நேர் கீழே. இது என்ன புதுசாக?

நாலாம்சிலிண்டர்:

புதுசு இல்லை தம்பி. முன்பு பின்னால் இருந்த குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், இது கண்ணில் படவில்லை. கிராங்க்கின் முன் சீலாக இருக்கும், இல்லாவிட்டால் கேம் சீல். அந்த அளவுக்கு ஓட்டத்தை நிறுத்த வேண்டாம்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். இந்த 1.6-ல் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, நடுவழியில் நிற்பதோடு சரி. ஆனாலும் சீல்களுக்குப் போகிற வழி அந்தப் பெல்ட்தான். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட், ஆனால் பம்ப்பைக் கழற்றவும் டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும். பெல்ட், பம்ப், இரண்டு கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடு.

போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்று செய். கிராங்க் புல்லியின் முகத்தில் காடிகள் தெரியும், எண்ணு. எட்டு என்றால் நீள மூக்கு (புல்லி மாட்டும் முனை) கிராங்க், கவலை இல்லை. நாலு என்றால் ஆரம்பகாலக் குட்டை மூக்கு. அதில் போல்ட் சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் புல்லி சுழலாமல் பிடிக்கும் சாவி உட்காரும் காடி தேய்ந்து கிராங்க்கே வீணாகும்.

கூரையில்லாதவன்:

எண்ணிவிட்டேன் அண்ணா. நாலு. பெல்ட் மாற்றியதற்குப் பழைய பில் எதுவும் இல்லை.

நாலாம்சிலிண்டர்:

எஞ்சினை ஓடவிட்டுப் புல்லியைப் பக்கவாட்டில் இருந்து பார். தள்ளாடுகிறதா என்று மட்டும் சொல். டார்க் ரெஞ்ச் கையில் வரும்வரை அந்தப் போல்ட்டைத் தொடாதே.