ரூட் அனுமதி கேட்கும் நெட்வொர்க் கருவி: /எஸ்பின்னா, /பின்னா?

கேள்வி:
வழியில் எந்த ரூட்டரில் தாமதம் ஏறுகிறது என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் நிலையைத் தெரிவிக்கும் நெறிமுறை) பாக்கெட் அனுப்பிக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை எழுதியிருக்கிறேன். ரா சாக்கெட் (பாக்கெட்டை நிரலே நேரடியாக அமைத்து அனுப்பும் வழி) திறக்க ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி அனுமதி, வேண்டும் என்பதால், டெபியன் லினக்ஸ் பேக்கேஜில் நிர்வாகக் கமாண்டுகளுக்கான /யூஎஸ்ஆர்/எஸ்பின்னுக்குள் வைத்தேன். கூட வேலை செய்பவர், எல்லோருக்குமான கமாண்டுகள் இருக்கும் /யூஎஸ்ஆர்/பின்தான் சரி என்கிறார். ரூட் கேட்கிற கருவிக்கு எஸ்பின்தானே இடம்?

பதில் 1:
அவர் சொல்வதுதான் சரி. என்ன அனுமதி வேண்டும் என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள், யார் ஓட்டுவார்கள் என்று பாருங்கள். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று வகுக்கும் எஃப்எச்எஸ் ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சாதாரணப் பயனர் எப்போதாவது நேரடியாக ஓட்டுவார் என்றால் அது பின்னில்தான் இருக்க வேண்டும். அங்கே உதாரணமாக வருவதே, இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்தான். ரூட்டுக்கு அது கட்டாயம் தேவை, ஆனாலும் எல்லோரும் பயன்படுத்துவதால் /பின்னில் இருக்க வேண்டும் என்கிறது. பிங்கும் ரா சாக்கெட் திறந்துதான் பல வருடம் ஓடியது, செட்யூஐடி போட்டு (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளரான ரூட்டின் அனுமதியோடு ஓடும்)!

எஸ்பின்னில் வைத்தால் என்ன ஆகும் என்று டெபியனிலேயே பார்க்கலாம். சாதாரணப் பயனராக, நெட்வொர்க் முகவரிகளைக் காட்டும் இஃப்கான்ஃபிக் என்று தட்டினால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று வரும். /எஸ்பின்/இஃப்கான்ஃபிக் என்று முழுசாகத் தட்டினால், ரூட் ஆகாமலே முகவரியெல்லாம் காட்டும். பயனரின் பாத்தில் (கமாண்டைத் தேடும் இடங்களின் பட்டியலில்) எஸ்பின் இல்லை, அவ்வளவுதான். நெட்வொர்க் படுத்திருக்கும் நேரத்தில் ஒருவரை இப்படி அலையவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பைக்கூட டெபியன் பின்னாளில் /யூஎஸ்ஆர்/பின்னுக்கு மாற்றிவிட்டது.

பதில் 2:
ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பிங் /எஸ்பின்னில்தான் இருக்கிறது, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் /யூஎஸ்ஆர்/எஸ்பின்னில். ஆனால் அங்கே சாதாரணப் பயனரின் பாத்திலும் எஸ்பின் உண்டு, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆர்ச் லினக்ஸ் 2013இலேயே எல்லாவற்றையும் /யூஎஸ்ஆர்/பின்னில் சேர்த்துவிட்டது. 2025இல் வந்த ஃபெடோரா லினக்ஸ் 42இலும் எஸ்பின் என்பது பின்னைச் சுட்டும் வெறும் சிம்லிங்க்தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, பின்னுக்கே மாற்றிவிடுகிறேன். அப்புறம் அனுமதிக்கு? எல்லோரையும் சூடோ போட்டு ரூட்டாக ஓட்டச் சொல்ல முடியாதே.

பதில் 1:
சூடோவும் வேண்டாம், செட்யூஐடியும் வேண்டாம். செட்கேப் என்ற கமாண்டைக் கொண்டு, ரா சாக்கெட் திறக்க விடும் கேப்_நெட்_ரா அனுமதி ஒன்றை மட்டும் கொடுங்கள். முழு ரூட் அதிகாரம் கருவியின் கைக்குப் போகாது. முடிந்தால், பிங்கையும் டிரேஸ்ரூட்டையும் சேர்த்துச் செய்யும் எம்டிஆர் மாதிரி பிரித்துவிடுங்கள்: அதில் பாக்கெட் அனுப்பும் வேலைக்குத் தனியாக ஒரு சின்ன நிரல் இருக்கிறது, திரையைக் காட்டும் பகுதிக்கு எந்தச் சிறப்பு அனுமதியும் தேவையில்லை.

ஒன்று கவனியுங்கள். இந்த அனுமதி கோப்பின் நீட்சிப் பண்புகளில் (கோப்போடு தனியாகச் சேமிக்கப்படும் கூடுதல் குறிப்புகளில்) உட்கார்ந்திருக்கிறது. வெறும் சிபி கமாண்ட் போட்டு நகலெடுத்தால் நகலுக்கு வராது. அதனால் பேக்கேஜ் நிறுவியதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில் செட்கேப்பை எழுதுங்கள், அப்டேட் ஆகும்போதும் அது ஓடும்.