லேத்தின் ஒரு கால் தரையைத் தொடவில்லை: வீட்டுப் பட்டறை அனுபவங்கள்

காரிமங்கலத்திலிருந்து

வீட்டில் லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் முதலில் எதைச் சரி செய்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டர்னர் இல்லை. பகலில் வேறு உத்தியோகம், மாலையில்தான் பட்டறை. வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையில் காங்கிரீட் போட்டு, பழைய இயந்திரங்கள் விற்கும் ஒருவரிடம் கோவையில் வாங்கிய நாலரை அடி லேத்தைக் கொண்டுவந்து இறக்கினேன். தொப்பூர் கணவாய் ஏறும்போது கயிறு தளர்ந்து, வண்டியை ஓரம் கட்டி, நானும் டிரைவர் அண்ணனும் மறுபடி இறுக்கிக் கட்டிய அந்த அரை மணி நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஓட்டிப் பார்த்தால் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதைக் கடைந்தாலும் டேப்பர், ஒரு முனை பெருத்தே வரும். 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தில் 0.12 வித்தியாசம், பொருளைப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கை விட்டு வெளியே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். தண்டு சுழல உள்ளே மாட்டும் ஒரு புஷ்கூட ஒழுங்காகப் பொருந்தாது. நான் என்ன செய்தேன்? டூலை மாற்றினேன். புதிதாக டூல் போஸ்ட் வாங்கினேன். ரிவால்விங் சென்டர் வாங்கினேன். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கிப்பை (ஆட்டம் இல்லாமல் இறுக்கும் பட்டை) கழற்றித் தேய்த்து மறுபடி பொருத்தினேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே போனது, பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. டேப்பர் மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். ஒரு ரோலருக்கு புஷ் வேண்டும் என்று யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் லேத்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து கால்களைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பில் தாளை எடுத்து ஒவ்வொரு காலடியிலும் சொருகிப் பார்த்தார். டெயில்ஸ்டாக் பக்கம், அதாவது சக்குக்கு எதிர் முனையில், முன்காலுக்கு அடியில் தாள் முழுசாக உள்ளே போய்விட்டது. "தம்பி, இந்தக் கால் தரையைத் தொடலைங்க. பெட்டு முறுக்கிக்கிட்டு நிக்குது. பலகைக் கல்லு நாலு முனையும் உக்காரலைனா அறுக்கும்போது எப்படி ஓடும்னு எங்களுக்குத் தெரியும், இதுவும் அதேதான்" என்றார்.

பெட் என்பது லேத்தின் நீளமான அடிச்சட்டம். எனக்கு அன்று வரை அவ்வளவு கனமான வார்ப்பிரும்பு முறுக்கும் என்றே தோன்றியதில்லை. முறுக்கத்தான் செய்கிறது. ஒரு காலுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் தன் எடையிலேயே அந்தப் பக்கம் இறங்கிவிடும், அதற்கு மேல் போல்ட்டை இறுக்கினால் இன்னும் இறங்கும்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்வு வரை அது கண்ணில் காட்டாது. இயந்திரத்துக்கான லெவல், மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக்கூடக் காட்டும், ஆனால் விலை அதிகம், நான் வாங்கவில்லை. வேறு வழி இருக்கிறது. 40 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து வெளியே 180 நீட்டிக்கொள்ளுங்கள், சென்டர் தாங்கல் வேண்டாம். நடுவைக் குறைத்துக் கடைந்து, சக்குக்குப் பக்கத்தில் ஒன்று, வெளி முனையில் ஒன்று என்று இரண்டு வளையங்களை மட்டும் விடுங்கள். டூலை நன்றாகத் தீட்டி, கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே அமைப்பில் இரண்டு வளையங்களையும் 0.1 ஆழத்துக்கு மெதுவாகக் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளி வளையம் பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் பக்கம் முன்காலைத் தூக்க வேண்டும், சிறிதாக வந்தால் பின்காலை. முன்காலைத் தூக்கும்போது அந்த முனையில் பெட் பின்னால் சாய்ந்து டூல் வேலைப்பொருளை நோக்கிப் போகும். டூல் 0.03 உள்ளே போனால் விட்டத்தில் 0.06 குறையும். குளிர்பான டின்னை வெட்டினால் சுமார் 0.1 கனத்துக்குத் தகடு கிடைக்கும், காலடியில் வைக்கும் ஷிம்முக்கு அதுவே போதும்.

மூன்று மாலை இதே வேலை. வைப்பேன், இறுக்குவேன், கடைவேன், அளப்பேன். கடைசியில் வித்தியாசம் 0.01-க்கு வந்தபோது வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டுவந்து காட்டினேன்.

புஷ் வாங்க வந்தபோது அந்த அண்ணன் காசோடு ஒரு கறுப்புக் கிரானைட் துண்டும் கொண்டுவந்தார். ஒன்றரை அடிக்கு ஒரு அடி, இரண்டு அங்குலக் கனம். எங்கள் பக்கம் இப்படி வெட்டித் தள்ளிய கல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்டிரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புக் கோல்) வைத்து வெளிச்சத்தில் பார்த்து நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்து மார்க்கிங் பலகையாக வைத்திருக்கிறேன். அளவு பார்க்கும் சமதளப் பலகையான, சான்றிதழ் உள்ள சர்ஃபேஸ் பிளேட்டுக்கு இது ஈடாகாது, ஆனால் வீட்டு வேலைக்குத் தாராளம். வார்ப்பிரும்புப் பலகையில் ஏதாவது விழுந்தால் அந்த இடம் விளிம்பு கட்டி மேலே எழும்பும், அளவு கெட்டுவிடும். கல்லில் சில்லு பெயர்ந்து பள்ளம் மட்டும் விழும், மேலே எதுவும் எழும்பாது.

ஓசூரிலிருந்து

காரிமங்கலம் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் முப்பது வருடம் டூல்ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். புது மெஷின் வந்தால் முதல் நாள் லெவல், ஒரு மாதம் கழித்து மறுபடி லெவல் பார்ப்போம். காங்கிரீட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும்.

என் அனுபவம் மோட்டாரைப் பற்றியது. ஓய்வு பெற்றபின் வாங்கிய சின்ன லேத்தில் 1 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார் இருந்தது. வீட்டில் சிங்கிள் பேஸ்தான். சரி, விஎஃப்டி (சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கி, வேகத்தையும் மாற்றும் பெட்டி) போட்டால் ஓடும் என்று 230 வோல்ட்டில் வேலை செய்யும் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஓடியது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் கட் கொடுத்தால் நின்றுவிடும். பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்து பெல்ட்டை மாற்றினேன். பிறகும் அதே கதை.

மத்திகிரி போகும் வழியில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். நேம் பிளேட்டைத் துடைத்துப் படித்துவிட்டு, "சார், இது 415-க்கு ஸ்டார் கட்டின மோட்டார். நீங்க 230 குடுக்குறீங்க. பாதிச் சோறு போட்டு முழு வேலை கேட்டா எப்படி?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சுழற்றும் விசை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. எத்தனையோ வருடம் மெஷின்களோடு இருந்தும் மோட்டாருக்குள் என்ன கட்டியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை, அது எலெக்ட்ரீஷியன் வேலை என்று விட்டிருந்தேன்.

வெளியே மூன்று வயர்தான் வந்திருந்தது, மூன்று சுருள்களின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டும் ஸ்டார் முடிச்சு உள்ளேயே. அவர் மோட்டாரைத் திறந்து முடிச்சைத் தேடிப் பிரித்து, ஆறு முனைகளையும் வெளியே கொண்டுவந்து சுருள்களை முக்கோணமாக இணைத்து டெல்டா கட்டிக் கொடுத்தார். ஒன்றரை மணி நேர வேலை. இப்போது அதே 230-ல் முழு பலம். ஆம்பியர் கூடும் என்பதை மறக்காதீர்கள்: 415-ல் 1.8 எடுத்த மோட்டார் டெல்டாவில் 3.1 எடுக்கும், விஎஃப்டி அதைத் தாங்க வேண்டும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் போடாதீர்கள், ஓடும்போது அணைத்தால் விஎஃப்டி போய்விடும். ஓட்டவும் நிறுத்தவும் அதன் கன்ட்ரோல் வயரையே பயன்படுத்துங்கள். ரொம்ப மெதுவாக ஓட்ட வேண்டுமானால் ஹெர்ட்ஸை மட்டும் குறைக்காமல் பெல்ட்டையும் மோட்டார் பக்கம் சின்னப் புல்லிக்கு மாற்றுங்கள். மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அது மெதுவானால் காற்றும் குறையும், சூடாகிவிடும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பையன், டிப்ளமா படிக்கிறவன், சனிக்கிழமைகளில் வருவான். ஒருநாள் சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனுக்குக் கை கொண்டுபோனான். நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே சாவி முனையைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் மாட்டிவிட்டேன். கையை எடுத்தால் சாவி தானாக வெளியே விழும். பத்து ரூபாய் ஸ்பிரிங். இதை இன்றே செய்யுங்கள்.

அரூரிலிருந்து

சின்ன விஷயம்தான், ஆனால் ஒருவருக்காவது உதவும். பட்டறை மேசைக்குக் கால் செய்ய வீட்டில் மிச்சமிருந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை எடுத்து, மழை தூறுகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு மதியம் முழுக்க வெல்டிங் அடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு சுவை. மலேரியா என்று பயந்துபோய் டாக்டரிடம் போனால், என் கையில் இருந்த தீப்பொறித் தழும்பைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஜிஐ பைப்பு வெல்டிங் பண்ணீங்களா?" துத்தநாகப் புகையால் வருவதாம். மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் அந்தப் பூச்சில்லாத கருப்புப் பைப்தான் வாங்குகிறேன். கையில் ஜிஐ மட்டுமே இருந்தால் ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சை நீக்கிவிட்டு, வாசலில் வைத்து, காற்று புகையை என்னை விட்டு அந்தப் பக்கம் தள்ளும்படி நின்றுதான் அடிக்கிறேன்.

பர்கூரிலிருந்து

எனக்கு லேத் கிடையாது. உலைதான். லாரி பிரேக் டிரம்மில் செய்த சின்ன உலை, காற்றுக்கு ஒரு புளோயர், அதற்கு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறேன். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் களைக்கொத்து, உளி, மரவேலைக் கத்தி இவைதான் என் ஆசை.

முதல் நாலு உளியும் வெடித்தன. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் விடுவேன், "டிக்" என்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் முடிபோல் ஒரு கோடு. எங்கள் ஊரில் அறுபது வருடமாக உலை ஊதிய கொல்லர் தாத்தா ஒருவர் இருக்கிறார், இப்போது கண் சரியாகத் தெரியாது. அவரிடம் ஐந்தாவதைக் காய்ச்சும்போது வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். வந்ததும் முதலில் கொட்டகை வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிடச் சொன்னார். "வெயில்ல பாத்தா நெறம் பொய் சொல்லும்." அதுதான் நான் செய்துவந்த முதல் தப்பு, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இன்னும் காயவில்லை என்று அளவுக்கு மீறிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம், புளோயரைப் பாதிக்கு இறக்கு என்றார்.

இரண்டாவது தப்பு தண்ணீர். தண்ணீர் தாங்கும் இரும்பு வேறு, லாரிப் பட்டைக்கு எண்ணெய்தான் என்றார். புங்க எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி அதில் விட்டேன். காந்தம் ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் கொஞ்சம் மட்டும் காய்ச்சி உடனே எண்ணெயில். வெடிக்கவில்லை. அரம் போட்டால் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கியது. அப்புறம் பதம் வைப்பது, அதாவது முறியாமல் இருக்கக் கடினத்தைக் கொஞ்சம் குறைப்பது. ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றும்போது நிறம் வெட்டும் வாய்ப் பக்கம் ஓடிவரும். "ஆவாரம்பூ நெறம் வாய்க்கு வந்ததும் எடுத்துரு. மயில்கழுத்து வந்துச்சுன்னா உளிக்கு ஆகாது, மெத்துனு போயிரும், ஸ்பிரிங்குக்கு வேணா வெச்சுக்க." எனக்கு நிறத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை, அவருக்குக் கண் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, அவர் மனதுக்குள் பார்த்து எப்போது எடுப்பது என்று சொன்னார். அந்த உளி இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் அல்லவா, அதை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எதை வெச்சு ஊதுனாங்களாம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்தமுறை போகும்போது படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுபடி காரிமங்கலத்திலிருந்து

ஓசூர் ஐயா, ஸ்பிரிங் நேற்றே மாட்டிவிட்டேன். பர்கூர் நண்பரே, அந்தத் தாத்தாவைச் சீக்கிரம் மறுபடி போய்ப் பாருங்கள், முடிந்தால் அவர் சொல்வதைப் பதிவு செய்துவையுங்கள்.

லேத் சரியானபின், அந்த புஷ்ஷுக்கு அடுத்து, நான் செய்த முதல் உருப்படியான வேலையையும் சொல்லிவிடுகிறேன். சந்தூரில் என் மாமாவுக்கு மாந்தோப்பு. கூழுக்குப் போகும் பெங்களூராவில் கொஞ்சம் கறை இருந்தாலும் பரவாயில்லை, செந்தூராவும் மல்கோவாவும் அப்படி இல்லை. காம்பு ஒட்டி அறுந்தால் பால் வடிந்து தோல் கருகும், விலை போய்விடும். ஓர் அங்குலக் காம்போடு அறுக்கிற துரட்டி வேண்டும் என்றார். இரும்பறுக்கும் பவர் ஆக்ஸா பிளேடில் இரண்டு துண்டை, நிறம் மாறாமல் அடிக்கடி தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, வி வடிவத்தில் வைத்து, கீழே 6 மில்லிமீட்டர் கம்பியில் வளையமும் வலையும் கட்டினேன். முதலில் செய்ததில் கத்தி வளையத்துக்கு மிக அருகில் இருந்துவிட்டது. மாமா ஒரே ஒரு காய் பறித்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, காம்பை விட்டுட்டுக் காயை அறுக்குது" என்றார். கத்தியை இரண்டு அங்குலம் மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது. மூங்கில் முனையில் இறுகி உட்கார அலுமினியப் பூண் ஒன்று கடைந்தேன், டூலைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடை இரண்டு டிகிரி திருப்பி உள்ளே டேப்பர் வைத்து. அது நான் கேட்ட அளவுக்கு அப்படியே வந்தது.

இந்தப் பருவத்தில் மாமா அதில்தான் பறித்தார், இன்னும் மூன்று கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை விட்டதும் அந்த இரண்டு வளையக் கம்பியைச் சக்கில் போட்டு மறுபடி அளக்கப்போகிறேன், கொட்டகைத் தரையில் சுவர் ஓரம் ஒரு விரிசல் புதிதாகத் தெரிகிறது. அளவு எப்படி வந்தாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.