அசிட்டோன் தீயில் ஃபோம் நிற்கவே இல்லை, ஏன்?

பீன்யா_ஸ்டோர்ஸ்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு கோட்டிங் யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். தின்னர், டொலுயீன், அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) எல்லாம் 200 லிட்டர் டிரம்களில் இருக்கும். போன வாரம் ஃபயர் டிரில். 9 லிட்டர் மெக்கானிக்கல் ஃபோம் சிலிண்டரை எடுத்து முதலில் டீசல் ஊற்றிய தட்டில் அடித்தார்கள், நுரை பரவி தீ அடங்கிவிட்டது. அப்புறம் நான் கேட்டதால் இன்னொரு தட்டில் அசிட்டோன் ஊற்றிப் பற்றவைத்தார்கள். விழுந்த நுரை விழுந்த இடத்திலேயே காணாமல் போனது, சிலிண்டர் காலியான பிறகும் தீ அப்படியே எரிந்தது, கடைசியில் பவுடர் அடித்துத்தான் அணைத்தோம். சிலிண்டர் போட்ட காண்ட்ராக்டர், "ஃபோம்னா எல்லாம் ஒண்ணுதான் சார், அடிச்ச ஆளுக்குக் கை பழகல" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் சரக்கில் பாதி அசிட்டோனும் ஐபிஏவும்தான், ராத்திரி ஷிப்டில் 2 பையன்கள் மட்டும் இருப்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு_ஃபயர்மேன்:
தம்பி, நீங்கள் சந்தேகப்பட்டது சரி, காண்ட்ராக்டர் சொன்னது தவறு. உங்கள் சிலிண்டரில் இருப்பது சாதாரண ஏஎஃப்எஃப்எஃப், அதாவது எண்ணெய் மேல் தண்ணீர்ப் படலம் கட்டுகிற ஃபோம் ஆகத்தான் இருக்கும். டீசல், பெட்ரோல், டொலுயீன் மாதிரி தண்ணீரோடு சேராத திரவங்களுக்கு அது அருமையான சரக்கு. நுரையிலிருந்து வடியும் தண்ணீர் எண்ணெய் மேல் மெல்லிய படலமாக ஓடி ஆவியை அடைக்கும், நுரை மேலே கிடந்து காற்றைத் தடுக்கும், குளிரவும் வைக்கும். அசிட்டோன், ஐபிஏ, எத்தனால், மெத்தனால் இவையெல்லாம் தண்ணீரோடு கலக்கிற திரவங்கள். நுரை என்பதே பெரும்பாலும் தண்ணீர்தானே, அந்தத் தண்ணீரை அசிட்டோன் உறிஞ்சிக்கொள்கிறது, குமிழி உடைகிறது, படலம் உருவாகவே வழியில்லை. எவ்வளவு கை பழகினவர் அடித்தாலும் இதுதான் நடக்கும்.

இதற்கு ஏஆர் வகை ஃபோம் வேண்டும், ஆல்கஹால் ரெசிஸ்டன்ட் என்று லேபிளிலேயே எழுதியிருக்கும். அதில் பாலிமர் கலந்திருக்கிறது. நுரை அசிட்டோன் மேல் விழுந்ததும் அந்த பாலிமர் பிரிந்து வழவழப்பான ஒரு தோலாக நடுவில் நிற்கும், பால் ஆறும்போது ஏடு கட்டுகிற மாதிரி. அந்த ஏட்டுக்கு மேலே இருக்கிற நுரை பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்கிற விதமும் முக்கியம். நேராகத் திரவத்துக்குள் பீய்ச்சினால் ஏடு கிழிந்து நுரை உள்ளே முங்கி வீணாகும். பின்னால் இருக்கிற சுவரிலோ டிரம்மின் பக்கவாட்டிலோ அடித்து வழிய விட வேண்டும், சுவர் இல்லையென்றால் முன்னால் தரையில் அடித்து உருண்டு போக விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிடங்கு பக்கத்தில் அசிட்டோனைப் பற்றவைத்து இனிமேல் டிரில் செய்ய வேண்டாம். அதன் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி வர ஆரம்பிக்கிற வெப்பநிலை, சைபருக்குக் கீழே சுமார் 20 டிகிரி. பெங்களூரு மார்கழிக் குளிரிலும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும், காற்றைவிட கனமான ஆவி, தரையோடு தவழ்ந்து வடிகால் வழியாகப் போய் எங்கேயாவது ஒரு பொறியைப் பிடித்துக்கொள்ளும்.

டெர்மினல்_ஷிப்ட்:
தேவனகொந்தி பக்கம் ஆயில் டெர்மினலில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனில் வாங்கி ஹோஸ் வழியாக அடிப்பதாக இருந்தால் 3-6 என்று போட்ட ஏஆர் ஃபோமை டீசல், டொலுயீனுக்கு 3 சதவீதமும், அசிட்டோன், ஆல்கஹாலுக்கு 6 சதவீதமும் கலக்க வேண்டும், அதாவது 94 லிட்டர் தண்ணீருக்கு 6 லிட்டர். சாமான் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும், ஃபோமை இழுத்துத் தண்ணீரோடு கலக்கிற பழைய இன்டக்டர் சரியாக இழுக்காது, வாங்கும்போதே எந்த இன்டக்டரோடு போகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பெட்ரோலிலும் இந்தப் பிரச்சினை வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் இங்கே பெங்களூருவில்தான் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள், 20 சதவீதம் எத்தனால். எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஏஆர் வகைதான் நம்பகம். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வைத்திருக்கிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம், தீ அணைந்ததும் யாராவது ஆர்வத்தில் தண்ணீர் ஹோஸைத் திறப்பார்கள், தயவுசெய்து தடுங்கள். நுரைப் போர்வை உடைந்தால் சூடான தகடு ஒன்று போதும், மறுபடி பிடிக்கும். தண்ணீர் கலந்த அசிட்டோனும் நன்றாகவே எரியும். பவுடர் வேகமாக அடக்கும், ஆனால் மேலே மூடி எதுவும் விட்டுவைக்காது. அதனால் பவுடரில் அடக்கி நுரையில் மூடுவது நல்ல முறை, ஆனால் சில பவுடர் நுரையையே உடைக்கும், ஃபோமோடு ஒத்துப்போகும் வகையா என்று பாருங்கள். வால்விலிருந்து ஊற்றிக்கொண்டே எரிகிற தீக்கு நுரை நிற்காது, முடிந்தால் வால்வை மூட வேண்டும், இல்லையென்றால் பவுடர். பேனல் போர்டு பக்கம் நுரை கூடவே கூடாது, மின்சாரம் கடத்தும்.

ஏரி_காவல்:
நான் பெல்லந்தூர் பக்கம் குடியிருக்கிறேன். 2015-லும் 2017-லும் நுரை மிதக்கும் எங்கள் ஏரி எரிந்ததைப் பார்த்த எங்களுக்கு நுரை என்றாலே பயம். இந்த ஃபோம் பற்றி ஒரு கேள்வி. டிரில் முடிந்ததும் அதை எங்கே விட்டீர்கள்? பீன்யா வடிகால் விருஷபாவதி ஆற்றுக்குத்தான் போகிறது.

ரிட்டயர்டு_ஃபயர்மேன்:
கேட்க வேண்டிய கேள்விதான். ஏரி நுரை சோப்பும் சாக்கடையும் சேர்ந்தது, அது வேறு. ஆனால் ஏஎஃப்எஃப்எஃப்-இல் ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனம் இருக்கிறது, மண்ணிலும் நீரிலும் அழியாது. அந்தக் குடும்பத்தில் பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ என்ற இரண்டு ரசாயனங்களை 2009-லும் 2019-லும், அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்துகிற ஸ்டாக்ஹோம் உலக ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். டிரில்லுக்கு ஃப்ளூரின் இல்லாத பயிற்சி ஃபோம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கழுவின தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அபாயக் கழிவாக அனுப்புங்கள், வடிகாலில் விடாதீர்கள். ஃப்ளூரின் இல்லாத ஃபோமிலேயே ஆல்கஹாலுக்கான வகையும் வந்திருக்கிறது. அதில் எண்ணெய் மேல் ஓடுகிற தண்ணீர்ப் படலம் கிடையாது, நுரைப் போர்வையைத்தான் பெரிதும் நம்ப வேண்டும், ஆகவே இன்னும் நிதானமாக அடிக்க வேண்டும்.

பீன்யா_ஸ்டோர்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். சிலிண்டரில் பார்த்தேன், வெறும் ஏஎஃப்எஃப்எஃப்தான். மேனேஜரிடம் பேசிவிட்டேன், அசிட்டோன், ஐபிஏ இருக்கிற பக்கம் ஏஆர் மாற்றச் சம்மதித்தார். ஒரே ஒரு சந்தேகம், தீப்பிடிக்காமல் டிரம் கவிழ்ந்து சிந்தினால்?

டெர்மினல்_ஷிப்ட்:
அப்போதும் ஏஆர் ஃபோம் போடலாம், ஆவியை அடக்கும். ஆனால் ஃபோர்க்லிஃப்டை ஸ்டார்ட் செய்யாமல், சுவிட்ச் எதையும் தொடாமல் ஆட்களை வெளியேற்றுவது முதல் வேலை, கூடவே 112 அல்லது 101. டிரம் முழுக்கக் கொட்டி எரிந்தால் 9 லிட்டர் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும், அந்த 2 பையன்களும் அதை அணைக்க நிற்கக் கூடாது, ஓடத்தான் வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். கிடங்குக் கதவில் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.