புதுப்பிப்பு: சூட்டுக் கருவி இல்லாமல் போட்ட அலைமுடி மதியத்துக்குள் ஏன் கலைகிறது?

ஈர முடியைப் பின்னிப் படுத்தால் காலையில் அலை வரும் என்று முந்தைய இழையில் எழுதியதற்கு அதிகம் வந்த கேள்வி: அலை ஏன் நிற்பதில்லை? பெரும்பாலும் ஈரம்தான் காரணம். முடியின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் (முடிக்குள் இருக்கும் மெல்லிய இணைப்புகள்) நனைந்தால் அவிழும். காயும்போது புது வடிவத்தில் இறுகும். சொட்டச் சொட்டப் பின்னினால் பின்னலின் உட்பகுதி விடிந்தும் காயாது. முக்கால்வாசிக்கு மேல் காய்ந்து, தொட்டால் லேசான குளிர்ச்சி மட்டும் தெரியும்போது பின்னுங்கள்.

அடர்த்தியான முடியா? ஒரே சடை வேண்டாம், நான்காகப் பிரியுங்கள். சீக்கிரம் காயும், அலையும் நெருக்கமாக விழும். அன்று எண்ணெய் வேண்டவே வேண்டாம். கனத்தில் அலை இழுபடும். நுனியைப் பின்னாமல் விட்டால் குச்சி போல நேராக நிற்கும், அதனால் மடித்துச் சுருட்டித் துணி ரப்பர் போடுங்கள். நெற்றியோரம் மட்டும் தளர்வாக இருக்கட்டும். தினமும் இறுக்கினால் அங்கே முடி உதிரும். அவிழ்த்தபின் சீப்பு கூடாது, விரல்தான்.