கமோடு வாயும் சுவர்க் குழாயும் நேராக வரவில்லை, சுவரை உடைக்காமல் வழி உண்டா?

புதுடைல்ஸ்:
குளியலறையைப் புதுப்பிக்கிறோம். பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியதில் தரை 15 மி.மீ. உயர்ந்துவிட்டது. சுவரிலிருந்து வரும் கழிவுக் குழாய் 110 மி.மீ. பி.வி.சி. அதன் நடுப்புள்ளி இப்போது தரையிலிருந்து 165 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. வாங்கியிருக்கும் கமோடு பி டிராப் வகை (கழிவு பின்பக்கமாகச் சுவரை நோக்கிப் போகும்), பின்பக்க வாயின் நடுப்புள்ளி 180 மி.மீ. மடிப்பு மடிப்பாக நீளுமே, அந்தக் குழாயைப் போட்டு வளைத்து, சுற்றிலும் சிமெண்ட் அடைத்துவிட்டால் அசையவே அசையாது என்கிறார் வேலைக்கு வந்தவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

குழாய்வேலை:
இதே வேலையைத்தான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் குழாய் நல்ல பக்கமாகத்தான் விலகியிருக்கிறது. கமோடு வாய் மேலே, குழாய் கீழே. கழிவு இறங்கித்தான் போகும். இதுவே மாறியிருந்து கழிவு ஏற வேண்டியிருந்தால், ஒன்று கமோடுக்கு அடியில் மேடை கட்டி உயர்த்தச் சொல்வேன், இல்லையென்றால் சுவரை உடைக்கத்தான் சொல்வேன்.

கடையில் 'ஆஃப்செட் பான் கனெக்டர்' என்று கேளுங்கள். கமோடு வாயையும் சுவர்க் குழாயையும் இணைக்கும், ரப்பர் இதழ்கள் உள்ள துண்டு அது. இரண்டு முனையும் ஒரே கோட்டில் இல்லாமல் விலகியிருக்கும். 20 மி.மீ. விலகல் உள்ளது போதும். உங்களுக்கு வேண்டியது 15தானே என்று யோசிப்பீர்கள். கனெக்டரை நேர் கீழாக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள்: 15 மி.மீ. இறங்கும், சுமார் 13 மி.மீ. பக்கத்தில் போகும். கமோடை அந்த 13 மி.மீ. நகர்த்தி வைத்தால் சரி. பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ஆனால் தரையில் போல்ட்டுக்குத் துளை போடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். கனெக்டரோடு கமோடை வைத்துப் பார்த்து, வாட்டர் லெவல் சரிபார்த்து, அப்புறம்தான் பென்சில் குறி.

மடிப்புக் குழாய் வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும். உள்மடிப்புகளில் கழிவு தங்கும். நீட்டிப் போட்டால் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

சிமெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்தால் சுருங்கும், விரிசல் விடும், நாற்றம் வரும். அதைவிட மோசம், நாளைக்குக் கமோடைக் கழற்ற வேண்டி வந்தால் பீங்கான் வாய் உடைந்துதான் வரும். இந்த இணைப்பைப் பிடித்து நிறுத்த வேண்டியது ரப்பர்தான், வேறெதுவும் இல்லை.

இரண்டாம்மாடி:
இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வென்ட் குழாயைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் விட்டால் பக்கத்து வாஷ்பேசினில் களக் களக் என்று சத்தம், அப்புறம் வாடை. கழிவுநீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்று வர வழியில்லாமல் டிராப்பில், அதாவது வாடையைத் தடுக்கும் வளைவில், நிற்கும் தண்ணீரையே உறிஞ்சியிருக்கிறது. கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாயின் வாயைக் குருவிக்கூடு அடைத்திருந்தது!

புதுடைல்ஸ்:
இருவருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். குழாயின் வாய் டைல்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, சுவருக்குள்ளே 30 மி.மீ. பின்னால் இருக்கிறது. கனெக்டர் எட்டுமா?

குழாய்வேலை:
எட்ட வேண்டும், ஆனால் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். கமோடை அதன் இடத்தில் வைத்து, பீங்கான் வாயிலிருந்து குழாயின் வாய் வரை அளந்துகொண்டு போங்கள். ரப்பர் இதழ்கள் அத்தனையும் குழாய்க்குள் போய் உட்கார வேண்டும். நுனியில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது இணைப்பே இல்லை. நீளம் போதவில்லை என்றால் நீட்டிப்புத் துண்டு கிடைக்கும்.

மாட்டுவதற்கு முன் குழாய்க்குள் கையை விட்டுத் தடவுங்கள், கையுறையோடுதான். டைல்ஸ் ஒட்டும்போது சிந்திய கலவை உள்விளிம்பில் கட்டியாக இருக்கும். அதன் மேல் ரப்பர் சரியாகப் படியாது, கசியும். சுரண்டி எடுத்துவிட்டு விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். ரப்பர் வழுக்கிப் போகச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் பக்கமே போக வேண்டாம், ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

மாட்டியதும் இணைப்புக்குக் கீழே காய்ந்த டிஷ்யூ தாளை விரித்துவிட்டு, பல முறை ஃபிளஷ் செய்யுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம்மாடி:
அப்புறம் கமோடு அடியில் சுற்றிலும் சிலிக்கான் முழுதாக அடைத்துவிடுங்கள். தரை கழுவும் தண்ணீர் உள்ளே போகாது.

குழாய்வேலை:
முன்பக்கமும் பக்கங்களும் சரி. பின்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுவிடச் சொல்வேன். முழுக்க அடைத்தால், அடியில் கசிந்தாலும் கீழ்த்தளத்துக் கூரையில் கறை படியும்வரை தெரியாது.