ஆண் வேட்டைக்கு, பெண் அடுப்புக்கு: இது கற்காலத்திலிருந்தே வருகிறதா?

மழைக்காகம்:
நேற்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு வாக்குவாதம். சித்தப்பா முறை வேண்டும், அதனால் ஓரளவுக்கு மேல் பேச முடியவில்லை. ஆதியிலேயே ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள், லட்சம் வருஷமாக ரத்தத்தில் ஊறியது, சட்டம் போட்டால் மாறுமா என்கிறார். பாயசம் வந்ததும் பேச்சு நின்றது. இதில் எவ்வளவு உண்மை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈச்சமரம்:
சித்தப்பா சொல்வது 1960களின் கதை. 1966இல் சிகாகோவில் 'மேன் தி ஹண்டர்', அதாவது 'வேட்டைக்கார மனிதன்', என்ற பெயரிலேயே மாநாடு நடத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடியும் காய்கிழங்கு சேர்த்தும் வாழ்ந்த குங் மக்களோடு தங்கி, அவர்கள் தின்பதை எடைபோட்டுப் பார்த்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ அதே மாநாட்டில்தான் தன் கணக்கை வைத்தார்: எடையில் 60 முதல் 80 சதவீதம் கொட்டை, கிழங்கு, காய். அதில் பெரும்பங்கு பெண்கள் சேர்த்தது, அதுவும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே பல மைல் நடந்து! குகையில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் பாதி நாள் பட்டினிதான்.

பழைய சைக்கிள்:
சரி, ஆனால் மறுபக்கம் ஒரேயடியாகச் சாயவும் வேண்டாம். 2023இல் ஒரு கட்டுரை வந்தது, வேட்டையாடி உணவு சேகரிக்கும் 63 சமூகங்களைப் பார்த்து அதில் 79 சதவீதத்தில் பெண்களும் வேட்டையாடுகிறார்கள் என்று. எல்லோரும் பகிர்ந்தார்கள், நானும்தான். அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் தோண்டி, சமூகங்களைத் தேர்ந்தெடுத்த விதமும் கணக்கும் சரியில்லை என்று காட்டினார்கள். பெரிய மிருக வேட்டை பெரும்பாலான இடங்களில் ஆண்கள் கையில்தான் இருந்திருக்கிறது. குங் பெண்கள் ஒரு குழந்தைக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பால் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு மானை நாள் முழுக்கத் துரத்த முடியாது. அதற்காக முடியவே முடியாது என்றும் இல்லை: பிலிப்பைன்ஸில் ஆக்டா பழங்குடிப் பெண்கள் நாய்களோடு கூட்டமாகப் போய்க் காட்டுப்பன்றி அடித்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 9000 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் புதைகுழியில் வேட்டைக் கருவிகள் கிடைத்தன. ஒரு குழி ஒரு ஆளைப் பற்றித்தான் சொல்லும், அவ்வளவுதான்.

வரப்போரம்:
கற்காலம் வரை எதற்குப் போகிறீர்கள்? ஏரைப் பாருங்கள். பொருளாதார அறிஞர் எஸ்தர் போசரப் 1970லேயே சொன்னார்: களைக்கொத்தால் கொத்தி விவசாயம் செய்த இடங்களில் பெண்கள் வயலில் இருந்தார்கள், ஏரும் மாடும் வந்த இடங்களில் வேலை ஆண் பக்கம் போனது. 2013இல் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் சரிபார்த்தபோது, முன்னோர் ஏர் பிடித்த சமூகங்களில் இன்றைக்கும் பெண்கள் வெளிவேலைக்குப் போவது குறைவு என்று வந்தது. ஆனால் நெல் கொஞ்சம் வேறு ரகம். எங்கள் ஊரில் ஏர் ஆணுக்கு, நடவும் களையும் பெண்ணுக்கு. குனிந்து நடுவதற்குப் பெண்ணின் இடுப்புதான் வளையும், அது இயற்கை என்று என் தாத்தா சத்தியம் செய்வார். நடவு இயந்திரம் வந்தது. ஓட்டுவது யார்? ஆண்தான், கூலியும் அதிகம். தாத்தா சொன்ன இயற்கை ஒரே போகத்தில் மாறிவிட்டது.

மழைக்காகம்:
அந்த நடவு இயந்திரம் நல்ல பிடி. ஆனால் 'பிள்ளை வளர்ப்பு தாய்க்குத்தானே' என்று அடுத்துக் கேட்பார், அது நிச்சயம்.

ஈச்சமரம்:
அகா மக்களைச் சொல்லுங்கள், மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் இருப்பவர்கள். அங்கே அப்பா நாளில் 47 சதவீத நேரம் குழந்தையைத் தூக்கி வைத்தபடியோ கைக்கு எட்டும் தூரத்திலோ இருப்பார். காரணம் பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. அவர்கள் வலை கட்டி வேட்டையாடுகிறவர்கள், கணவன் மனைவி பிள்ளை எல்லாரும் சேர்ந்தே போவார்கள், அதனால் பிள்ளை யார் கை காலியோ அவர் கைக்குப் போகும். பாயசத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.